காலி அடைப்புக்குறி

திரையின் அடியில் சிவப்பாக ஒரு வரி வந்து குந்திக்கொண்டு நகர மறுத்தது. மலை ஜீப் சங்கத்தின் செயலாளர் தங்கப்பாண்டியன் அதை முறைத்துப் பார்த்தார். மவுஸைத் தட்டினார். மேசையைத் தட்டினார். மானிட்டரின் முதுகில் இரண்டு போட்டார். எதற்கும் மசியவில்லை என்றதும் தேனிக்குப் போன் போட்டார்.

“ஆத்தா ஹேமாவதி, நீ எழுதிக் குடுத்த புரோகிராம் செத்துப்போச்சு. வெரசா வந்து தூக்கி விடு.”

அல்லிநகரத்தில் விடுதி வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஹேமாவதி, திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். வந்தது. பார்த்தவள் வாயிலிருந்த நுரையைத் துப்ப மறந்தாள்.

புரோகிராம் சாகவில்லை. நன்றாக உயிரோடு இருந்துகொண்டு பிடிவாதம் பிடித்தது. டியூப்பிளுக்குள், அதாவது பூட்டிவிட்ட பெயர் வரிசைக்குள், இருப்பதை மாற்ற முடியாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அது சரிதான், அவள் எழுதியபடிதான். ஆனால் மாற்றப் பார்த்தது யார்? மாற்றுவதற்கு அந்தப் புரோகிராமில் அவள் இடமே வைக்கவில்லையே?

கம்பம் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில், துணைக்குக் கிளம்பி வந்த நௌஷாத் இருந்தான். அவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், கம்பத்துக்காரன். சின்னமனூர் தாண்டியதிலிருந்து ஜன்னலுக்கு வெளியே திராட்சைப் பந்தலையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த பந்தலை ஒருவன் அப்படி வாயைப் பிளந்து பார்த்தால் அதில் விஷயம் இருக்கிறது.

“நௌஷாத். என்ன பண்ணி வச்ச?”

பந்தலைப் பார்த்தபடியே சொன்னான். தங்கப்பாண்டியன் பத்து நாளாக அவனுடைய உயிரை எடுத்தாராம். பெயரில் தப்பு வந்தால் திருத்த வழியில்லாமல் என்ன புரோகிராம் என்று வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாராம். ஹேமாவதியிடம் கேட்டால் கடிப்பாள் என்று தெரியும். அதனால் போன வாரம் அவனே சங்கத்துக் கம்ப்யூட்டரில் திருத்துவதற்கு ஒரு கட்டம் வைத்துக் கொடுத்துவிட்டான். திரையில் டியூப்பிளைக் குறிக்கும் வளைந்த அடைப்புக்குறி இருந்த இடத்தில், மாற்றக்கூடிய லிஸ்டைக் குறிக்கும் சதுர அடைப்புக்குறி. அவ்வளவுதான்.

“அம்புட்டுத்தானா?” என்றாள் ஹேமாவதி.

அந்தக் குரலுக்குப் பயந்து நௌஷாத் மறுபடியும் திராட்சைக்குத் திரும்பினான்.

அவளுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. விடிவதற்குள் சுருளிப்பட்டியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஜீப்புகள் கிளம்பி, கம்பம்மெட்டு மலைரோட்டில் ஏறி, கேரளத்து ஏலத் தோட்டங்களில் பெண்களை இறக்கிவிடும். சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வரும். எந்த வண்டியில் யார் போனார்கள் என்பது அந்த வண்டியில் இருப்பவர்களுக்குத்தான் வெளிச்சம். அதைச் சரி பண்ணத்தான் சங்கம் அவளிடம் புரோகிராம் கேட்டது. ஓட்டுநரின் போனில் பெயர்கள் வரும். ஏறுகிற பெண்ணின் பெயருக்கு நேரே ஒரு டிக். இறங்கினால் டிக்கை எடுக்க வேண்டும். அதுவரைக்கும் அது லிஸ்ட். லிஸ்ட் என்பது சந்தைப் பை மாதிரி. போடலாம், எடுக்கலாம், கிளறலாம்.

மலை ஏறுமுன் அந்தப் பையைத் தைத்து மூடிவிட வேண்டும். எப்போது மூடுவது என்பதற்கு ஓட்டுநர்களிடமே பதில் இருந்தது. அடிவாரத்து முனியாண்டி கோயிலில் எல்லா வண்டியும் நிற்கும். தோட்டத்துக்கு ஏற்றபடி பெண்கள் வண்டி மாறுவது அங்கேதான். பிறகு முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். பழம் நசுங்கிவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது, மாறக்கூடாது. மாறியே ஆகவேண்டும் என்றால் வண்டியை நிறுத்தி, வேறு பழம் வாங்கி, முதலிலிருந்து கிளம்ப வேண்டும்.

இதைக் கேட்ட அன்றைக்கு ஹேமாவதி துள்ளிக் குதித்தாள். டியூப்பிள் என்றால் என்ன என்று இவர்களுக்கு அவள் பாடம் எடுக்கவே வேண்டாம். தலைமுறையாக அதைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டிருக்கிறார்கள்! ஓட்டுநர்களின் போனில் எலுமிச்சம்பழப் படம் போட்ட ஒரு பொத்தானை வைத்தாள். அதை அமுக்கிய நொடியில் டிக் விழுந்திருந்த பெயர்கள் எல்லாம் டியூப்பிளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். சேர்க்க முடியாது, நீக்க முடியாது. எழுதிய ஹேமாவதியே வந்து கெஞ்சினாலும் முடியாது. சக்கரத்துக்குப் பழம் வைக்கும் வழக்கமில்லாத ஓட்டுநர் முகைதீன்கூட, நமக்குப் பழம் போனில் மட்டும்தான் என்று சிரித்துக்கொண்டே அமுக்கப் பழகிவிட்டார்.

அந்தப் புரோகிராமை அவள் அத்தனை இறுக்கமாக எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளுடைய அம்மா கஸ்தூரியம்மாள் தினமும் அந்த மலை ஏறுகிறவள். சுருளிப்பட்டியில் முத்துவீரன் வண்டி. ஏலக்காய் எடுப்பு. மகள் தேனியில் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும், வீட்டில் உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும் என்று விடாமல் போகிறவள்.

டயர் கடைக்கு மேலே இருந்தது சங்க அலுவலகம். தங்கப்பாண்டியன் எழுந்து நின்று வரவேற்றார். ஹேமாவதிக்கு அவர் சுருளிப்பட்டியில் நாலு வீடு தள்ளி இருக்கும் மாமா. காலையில் சில வண்டிகளில் பெயர் முன்னும் பின்னுமாக இருந்ததாகவும், தான் திருத்தியதாகவும், திருத்தி முடித்து சேவ் கொடுத்தபோது சிவப்பு வந்ததாகவும் சொன்னார். எந்தெந்த வண்டி என்று அவள் வாயைத் திறப்பதற்குள் மாடிப்படி தடதடவென்று அதிர்ந்தது.

டயர் கடை விஜயபாண்டி மூச்சு வாங்க வந்து போனை நீட்டினார்.

கேரளத்திலிருந்து கப்பைக்கிழங்கு ஏற்றிவரும் லாரிக்காரர் ஒருவர் அனுப்பிய போட்டோ. மலையில் சிக்னல் கிடைக்காமல், அடிவாரத்துக்கு இறங்கிய பிறகு அனுப்பியிருக்கிறார். மெட்டுக்குக் கீழே ஒரு வளைவு. ஒரே மூடுபனி. ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு ஜீப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மேல் கேரியரில் கட்டியிருந்த தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. ரோடு முழுக்கத் தூக்குவாளிகள் சிதறிக் கிடந்தன.

எண் பலகை தெளிவாகத் தெரிந்தது. முத்துவீரன் வண்டி.

கூடவே குரல் செய்தி. தமிழும் மலையாளமும் கலந்து அந்த லாரிக்காரர் படபடத்தார். ஜீப்பு மறிஞ்சு கிடக்குது. யாரையோ ஒரு ஆம்னி வேனில் தூக்கிப் போட்டு மேலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எத்தனை பேர் என்று தெரியவில்லை. பின்னால் வண்டிகள் வந்ததால் நிற்க முடியவில்லை. அவ்வளவுதான்.

ஹேமாவதி போட்டோவைப் பெரிதாக்கினாள். ஒரு தூக்குவாளியின் கைப்பிடியில் நீலச் சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. சூடு தாங்கவில்லை என்று அம்மா சொன்னதால் போன பொங்கலுக்கு அதைச் சுற்றியது அவள்தான்.

போனை விஜயபாண்டியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“மாமா,” என்றாள். “எங்கம்மா இன்னைக்குப் போனாகளா?”

தங்கப்பாண்டியன் தரையைப் பார்த்துச் சொன்னார். அதிகாலையில் சுருளிப்பட்டியில் முத்துவீரன் வண்டியில் பதினோரு பேர் ஏறியதைக் கண்ணால் பார்த்தாராம். கஸ்தூரியம்மாள் முன்பக்கம் உட்கார இடம் கேட்டு முத்துவீரனோடு சண்டை போட்டாளாம்.

நௌஷாத் அதற்குள் திரையைத் திருப்பியிருந்தான். முத்துவீரன் வண்டிக்கு நேரே பதினோரு பெயர்கள். அதற்குக் கீழே முகைதீன் வண்டி. அதற்கு நேரேயும் பதினோரு பெயர்கள். அதே பதினோரு பெயர்கள். கஸ்தூரியம்மாள் இங்கேயும் இருந்தாள், அங்கேயும் இருந்தாள்.

ஒரு உயிர் இரண்டு ஜீப்பில் மலை ஏற முடியாது. இரண்டில் ஒன்று பொய். எது?

போனில் கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஈரச்செடிக்குள் விழுந்து தொலையும் என்று பெண்கள் யாரும் தோட்டத்துக்குப் போன் கொண்டுபோவதில்லை. முத்துவீரன் எடுக்கவில்லை. முகைதீன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார்.

செய்தி அவர்களைவிட வேகமாகக் கம்பத்தைச் சுற்றி வந்துவிட்டது. டயர் கடை வாசலில் பைக்குகள் வந்து நின்றன. ஆட்டோக்கள் வந்தன. ஒருவர் கைலியோடு வந்திருந்தார், ஒருவர் பாதி ஷேவ் செய்த முகத்தோடு. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேலே ஏறி வந்தவர் ஈஸ்வரபாண்டி. கஸ்தூரியம்மாளோடு வேலைக்குப் போகும் பாண்டீஸ்வரியின் புருஷன். வாழைக்குலை வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளோடு அப்படியே வந்துவிட்டார்.

அவர் தங்கப்பாண்டியனைப் பார்க்கவில்லை. நேரே ஹேமாவதியிடம் வந்தார்.

“இத எழுதுனது நீதான. சொல்லு ஆத்தா. எம்பொண்டாட்டி எந்த வண்டி?”

முத்துவீரன் வண்டிதான், நான் பார்த்தேன் என்று தங்கப்பாண்டியன் முனகினார். முகைதீன் வண்டியில் பெயர் வந்ததுதான் கோளாறு என்றார். அதைச் சொன்னதும் படிக்கட்டில் நின்றிருந்த யாரோ விம்ம ஆரம்பித்தார்கள். ஆம்னி வேனில் பதினோரு பேரை ஏற்ற முடியாது. அப்படியானால் மிச்சப் பேர் எங்கே? அந்த வளைவுக்குக் கீழே அதலபாதாளம் என்று ஒருவர் சொல்ல, வாயை மூடு என்று இன்னொருவர் அதட்டினார்.

ஹேமாவதி லேப்டாப்பைத் திறந்தாள். பாஸ்வேர்டு இரண்டு முறை தப்பியது.

நௌஷாத் கைவைத்தது திரைக்கு வரும் லிஸ்டில். அடியில் இருக்கும் டியூப்பிளில் யாரும் கைவைத்திருக்க முடியாது. தங்கப்பாண்டியன் வைக்கப் பார்த்தார்; சிவப்பு வரி அவரைத் தடுத்துவிட்டது. ஆக, அடிவாரத்தில் பழம் அமுக்கிய நொடியில் யார் எங்கே இருந்தார்களோ, அது அப்படியே உள்ளே இருக்க வேண்டும்.

முத்துவீரன் வண்டியின் வரியைத் தேடி எடுத்தாள்.

()

இரண்டு வளைவுக் கோடுகள். நடுவில் ஒன்றுமில்லை.

காலி என்றால் என்ன அர்த்தம்? வண்டியில் ஆள் இல்லையா? இல்லை, புரோகிராமுக்கு ஆள் இருந்தது தெரியவில்லையா? ஒன்றுமில்லாத இரண்டு கோடுகளை வைத்துக்கொண்டு பதினோரு குடும்பத்துக்குத் தைரியம் சொல்ல முடியுமா? ரோட்டில் கிடக்கும் தூக்குவாளி பொய் சொல்லுமா?

முகைதீன் வண்டியின் வரியை எடுத்தாள். பதினோரு பெயர். முதல் பெயர் கஸ்தூரியம்மாள்.

“மாமா,” என்று தங்கப்பாண்டியன் பக்கம் திரும்பினாள். “காலையில நீங்க பாக்கும்போது முத்துவீரன் அண்ணன் வண்டிக்கு நேரே என்ன இருந்துச்சு?”

அவர் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார். ஈஸ்வரபாண்டி அரிவாளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அவருக்கே தெரியாமல் மாற்றியதுதான். ஆனாலும் பலன் இருந்தது.

“காலியாத்தான் இருந்துச்சு ஆத்தா. முத்துவீரன் வண்டி என்னைக்குக் காலியா மலை ஏறியிருக்கு? நாந்தான் ஏத்திவிட்டதப் பாத்தேனே. போனு கோளாறு போலன்னு நேத்துப் பேரை எடுத்து அதுல போட்டு விட்டேன்.”

“அது நெசமாவே போனு கோளாறா இருந்தா?” என்று ஈஸ்வரபாண்டி கேட்டார். “இல்ல அவன் டிக் போடாம அமுக்கியிருப்பான். முத்துவீரன் அதெல்லாம் எங்க பாக்குறான்?”

நியாயமான கேள்வி. ஹேமாவதியும் அதே கேள்வியில்தான் நின்றாள். சோம்பேறித்தனத்தில் டிக் போடாமல் விட்டிருந்தாலும் இதே காலி அடைப்புக்குறிதான் வந்திருக்கும். அப்படியானால் அம்மா அந்தப் பள்ளத்தில்.

நௌஷாத் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். ஓட்டுநர் போனில் விழும் ஒவ்வொரு தட்டும் பதிவாகும் பட்டியலில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தான். சுருளிப்பட்டியில் முத்துவீரன் டிக் போட்டிருந்தார். ஒன்றுவிடாமல் பதினோரு டிக். அதற்கப்புறம் அடிவாரத்தில் அந்த டிக்குகளை எடுத்திருந்தார். மொத்தமாக இல்லை. ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு தட்டாக, பதினொன்று.

ஹேமாவதி அந்தப் பதினொன்றையும் ஒருமுறை எண்ணினாள்.

சோம்பேறியாக இருப்பவன் டிக் போடாமல் விடுவான். போட்ட டிக்கை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். எடுத்திருக்கிறார் என்றால் ஒவ்வொருத்தியாக இறங்கியிருக்கிறாள். கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் பழம்.

அவள் எழுந்தாள். மாடிப்படி வரை வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அடிவாரத்தில் பழம் நசுங்கியபோது முத்துவீரன் வண்டியில் ஓட்டுநரைத் தவிர ஆள் இல்லை. பதினோரு பேரும் முகைதீன் வண்டியில் ஏறியிருக்கிறார்கள். நசுங்கிய பழத்துக்கு அப்புறம் யாரும் மாறுவதில்லை என்பது இவர்களுக்குத் தெரியும், புரோகிராமுக்கும் தெரியும்.

“அப்ப ரோட்டுல கிடக்குற தூக்குவாளி?” என்றார் ஈஸ்வரபாண்டி.

“அது எனக்குத் தெரியல சித்தப்பா.”

தெரியவில்லை என்று அவள் சொன்னதுதான் அவரை யோசிக்க வைத்தது. எல்லாம் தெரியும் என்றிருந்தால் நம்பியிருக்க மாட்டார். இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் மனசு ஆறாது என்று சொல்லி, கயிறும் ஆட்களுமாக வளைவுக்குக் கிளம்பினார். அவள் தடுக்கவில்லை. அவள் கணக்கு தப்பாகப் போனால் தேடுவதற்கு அங்கே ஆள் வேண்டும். அதேசமயம் தோட்டத்துக்கும் ஆள் போக வேண்டும். வண்டன்மேட்டில் நௌஷாத்தின் தாய்மாமா கடை வைத்திருக்கிறார். அவரைப் பைக்கில் தோட்டத்துக்கு விரட்டச் சொன்னாள். நௌஷாத் ஏற்கெனவே அவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தான்.

பிறகு காத்திருப்பு.

கம்பத்தில் வெயில் ஏறிவிட்டிருந்தது. மலைமேல் மட்டும் பஞ்சுப்பொதி மாதிரி பனி அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஹேமாவதி அந்தக் காலி அடைப்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவு சொல்வது ஒன்று, அடிவயிறு சொல்வது ஒன்று. அறிவு டியூப்பிளைக் காட்டியது. அடிவயிறு நீலச் சேலைக் கிழிசலைக் காட்டியது.

நௌஷாத் டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்தான். திருத்தும் கட்டம் வைத்த அன்றைக்கே டியூப்பிளையும் உடைத்துப் பார்த்ததாக மெதுவாகச் சொன்னான். சிவப்பு வந்ததாம். பயந்துபோய் அதை மட்டும் விட்டுவிட்டானாம்.

“உடைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் ஹேமா?”

“இந்நேரம் நாம ரெண்டு பேரும் ஒன்னுந் தெரியாம உக்காந்திருப்போம்.”

டீ ஆடை கட்டியது. யாரும் குடிக்கவில்லை.

நௌஷாத்தின் போன் அடித்தது. வண்டன்மேட்டு மாமா. ஸ்பீக்கரில் போட்டான். தோட்டத்தில் நாய் குரைக்கும் சத்தம், காற்று, யாரோ மலையாளத்தில் அதட்டும் சத்தம். மாமா யாரிடமோ போனைக் கொடுப்பது கேட்டது.

“ஹேமாவா? என்னடி இது, ஆளனுப்பிக் கூப்புட்டு விடுற? மேஸ்திரி கத்துறான்.”

அம்மா.

ஹேமாவதி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் கஸ்தூரியம்மாளுக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. அடிவாரத்தில் உர மூட்டைகள் கிடந்தனவாம். தோட்டத்துக்காரர் சொல்லிவிட்டார் என்று முத்துவீரன் அவர்களை இறக்கிவிட்டு மூட்டையை ஏற்றினானாம். எல்லோரும் முகைதீன் வண்டிக்கு மாறினார்களாம். மேலே தார்ப்பாய்க்கு அடியில் கட்டிய சோற்று வாளிகளை அவிழ்க்க நேரமாகும், நானே பின்னாடி கொண்டுவருகிறேன் என்றானாம். கடன்காரனை இன்னும் காணோமாம். எல்லோருக்கும் வயிறு காந்துகிறதாம்.

“அம்மா,” என்றாள் ஹேமாவதி. “எல்லாரும் அங்கனதான் இருக்கீகளா?”

“வேற எங்கன போவோம்?”

ஹேமாவதி ஒரு கையில் லேப்டாப்பையும் மறு கையில் போனையும் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். நௌஷாத் பின்னாலேயே வந்து லேப்டாப்பைத் தாங்கிப் பிடித்தான். கீழே வாசல் முழுக்க முகங்கள். பேர் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியும் வந்து பேசணும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, முகைதீன் வண்டியின் டியூப்பிளைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

“பாண்டீஸ்வரி.”

“இருக்கேன்,” என்றது போன். “எங்க வீட்டுக்காரரு சாப்புட்டாரான்னு கேளு.”

வாசலில் யாரோ அழுதுகொண்டே சிரித்தார்கள்.

“ஜெபஷீலா.”

“இருக்கேங்க்கா.”

கீழே பாதி ஷேவ் செய்த முகத்தோடு நின்றவர் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“மகிமா. அம்சத் பீவி.”

இருக்கேன். இருக்கேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. ஒவ்வொரு குரலுக்கும் கூட்டத்தில் ஒரு இடம் தளர்ந்தது. ஒருத்தி இருமினாள், ஒருத்தி வெட்கப்பட்டாள், ஒருத்தி என்ன ஏது என்று தெரியாமல் பயந்துபோய்க் கேட்டாள். கடைசிப் பெயர் முடிந்ததும் வாசலில் எல்லோரும் ஒரேசமயத்தில் பேசினார்கள்.

மலையில் இருந்த பெண்களுக்கு விஷயம் அப்போதுதான் சொல்லப்பட்டது. கஸ்தூரியம்மாள் கேட்ட முதல் கேள்வி, முத்துவீரன் எப்படி இருக்கான் என்பதுதான். கடன்காரன் என்று திட்டியதை அவள் மறந்தே போயிருந்தாள்.

அதற்கும் பதில் வந்தது. வளைவுக்குப் போன ஈஸ்வரபாண்டி, சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து தங்கப்பாண்டியனைக் கூப்பிட்டார். பள்ளத்தில் உர மூட்டைதான் கிடக்கிறது, மனுஷ வாடையே இல்லை என்றார். முத்துவீரனை வேனில் கொண்டுபோனவர்களைப் பிடித்து விசாரித்தாகிவிட்டது. தோள்பட்டை எலும்பு விலகியிருக்கிறது, நெற்றியில் தையல். உயிருக்கு ஒன்றுமில்லை. கட்டிலில் படுத்தபடியே, பொம்பளைங்க சோத்த ரோட்டுல கொட்டிட்டனே என்று புலம்பிக்கொண்டிருக்கிறானாம். பாண்டீஸ்வரி பேசினாள், சாப்பிட்டாரா என்று கேட்டாள் என்று தங்கப்பாண்டியன் சொன்னபோது, சாப்புட்டாச்சுன்னு சொல்லிருங்க என்றார் ஈஸ்வரபாண்டி.

தங்கப்பாண்டியன் போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ஹேமாவதியின் எதிரே வந்து நின்றார்.

“அந்தத் திருத்துற பெட்டிய எடுத்துரு ஆத்தா. நான் திருத்துனேன்னா ஊரே ரெண்டாப் போயிரும்.”

“தப்பு வந்தா என்ன பண்ணுவீக மாமா?”

“பக்கத்துல புதுசா ஒன்னு எழுதி வைப்போம். பழசு பாட்டுக்கு அங்கனயே கிடக்கட்டும்.”

நௌஷாத் அதற்குள் சதுர அடைப்புக்குறியை அழித்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே அவனுக்குத் தாங்கவில்லை போல. காது மடல் சிவந்திருந்தது. ஹேமாவதி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பலமாகத்தான் வைத்தாள். அவனுக்கு நிம்மதியாகிவிட்டது.

கூட்டம் கலைந்தது. போகிற பெண்கள் மாடிப்படிக்கு ஏறிவந்து அவள் கன்னத்தை வழித்துவிட்டுப் போனார்கள். கீழே விஜயபாண்டியின் காற்றடிக்கிற மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஹேமாவதி படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்காத வயிறு, எல்லாம் சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு இப்போதுதான் கத்த ஆரம்பித்தது.

நௌஷாத்தின் போனை வாங்கி மறுபடியும் வண்டன்மேட்டு மாமாவைக் கூப்பிட்டாள். அவர் இன்னும் தோட்டத்தில்தான் இருந்தார். பெண்களுக்குக் கப்பைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

“இப்ப எதுக்குடி?” என்றாள் கஸ்தூரியம்மாள். வாயில் கிழங்கு இருந்தது.

“சும்மா.”

“சும்மா கூப்புடுற நேரமா இது? அடுத்தவக போனு, அடுத்தவக காசு. மேஸ்திரி வேற பாக்குறான். உனக்கு ஆபீசுல வேலை வெட்டியே இல்லையா? காலையில சாப்புட்டியா இல்லையா, மொதல்ல அதச் சொல்லு…”

ஹேமாவதி தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். அம்மா திட்டத் திட்ட, போனைக் காதோடு சேர்த்து அழுத்தியபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.